ஸ்காட்லாந்து இறைச்சிச் சமையல், நம் குமரி அடுக்களையில்

வத்தல்பொடி, கரம் மசாலா, இஞ்சி பூண்டு விழுது, தேங்காய் எண்ணெய் இந்த நான்கையும் முதலில் எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடுங்கள். ஸ்காட்லாந்து இறைச்சிச் சமையலை வீட்டில் செய்து பார்க்கிற நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். பாதியில் கொஞ்சம் சப்பென்று இருக்கிறதே என்று தோன்றும், கை தானாக மசாலா டப்பாவுக்குப் போகும், கடைசியில் இறக்கி வைப்பது நாம் வாராவாரம் சாப்பிடும் இறைச்சிக்கறியாகத்தான் இருக்கும். அது நல்ல கறிதான், ஆனால் அதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. அந்த ஊர்ச் சமையலுக்கு ருசி கொடுப்பது இறைச்சி, அதன் கொழுப்பு, பல்லாரி, உப்பு, நல்லமிளகு, இவ்வளவுதான். மீதியைத் தீயும் நேரமும் பார்த்துக்கொள்ளும்.

குமரி மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. மாட்டிறைச்சிக்கு நாம் அலைய வேண்டியதே இல்லை. மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, நாகர்கோவில் எங்கே போனாலும் காலையிலேயே கடை திறந்திருக்கும், கேட்ட இடத்தில் வெட்டித் தருவார்கள். ஸ்காட்லாந்தின் பழைய சமையல் முழுக்க மலிவான பாகங்களை வைத்துத்தான். கழுத்து, முழங்கால், ஈரல், குடல், கொழுப்பு என்று பணக்காரர் வாங்காமல் விட்டதை வைத்து, குளிரில் வேலைக்குப் போகிறவன் வயிறு நிறைய செய்த சாப்பாடு அது. அதற்கு வேண்டிய பாகங்கள் எல்லாம் நம் இறைச்சிக்கடையில் கண்ணெதிரே தொங்குகின்றன.

கடையில் என்ன சொல்லி வாங்குவது

நம் ஊரில் இறைச்சி வாங்கினால் கேட்காமலேயே சிறு துண்டாகப் போட்டுவிடுவார்கள். அதனால் போனதும் சொல்லிவிடுங்கள், "அண்ணே, துண்டு போடாண்டாம், முழுசா தாருங்க." கொத்துக்கறி வேண்டுமென்றாலும் முழுத் துண்டாக வாங்கி வருவதே நல்லது. காரணம் இதுதான். நாம் இறைச்சியைக் கழுவாமல் சமைக்க மாட்டோம், கொத்திய இறைச்சியைக் கழுவினால் அது தண்ணீரைக் குடித்துவிடும், அப்புறம் சட்டியில் போட்டால் வறுபடாது, தன் தண்ணீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகக் கிடக்கும். முழுத் துண்டைக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்து, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, கத்தியால் பொடியாகக் கொத்துங்கள், அல்லது மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி இரண்டு மூன்று சுற்று விடுங்கள். மாவாகிவிடக் கூடாது, கடலைப்பருப்பு அளவு இருந்தால் போதும்.

இங்கே கிடைப்பது பல நேரம் போத்து (எருமை) இறைச்சி. அது கொழுப்பு குறைந்தது, வேக நேரம் எடுக்கும். அதனால் இறைச்சியோடு சேர்த்துக் கொழுப்பையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் குண்டிக்காயைச் சுற்றி இருக்கும் வெள்ளைக் கொழுப்பு. அதுதான் உதிர் உதிராக இருக்கும், வாடையும் குறைவு.

அதில் பாதியை உருக்கி வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னதாக நறுக்கி, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, அடி கனமான சட்டியில் மிகச் சின்னத் தீயில் வையுங்கள். தண்ணீர் வற்றி, கொழுப்பு தெளிவாக உருகி, சக்கை பொன்னிறமாகி மேலே மிதக்கும்போது வடிகட்டி, ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் சில வாரம் வரும். அங்கே டிரிப்பிங் என்று சொல்வது இதைத்தான். எண்ணெய்க்குப் பதில் இதில் வதக்கிப் பாருங்கள், வெங்காயம் வதங்கும் வாசனையே வேறு மாதிரி இருக்கும். தேங்காய் எண்ணெயை ஒதுக்கச் சொன்னதும் இதற்காகத்தான், அதன் மணம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

முதலில் மின்ஸ் அண்ட் டாட்டீஸ்

ஸ்காட்லாந்து வீடுகளில் வார நாட்களில் சாதாரணமாகச் செய்வது இது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். கொத்துக்கறியும் மசித்த உருளைக்கிழங்கும், அவ்வளவுதான். ஆனால் இதைச் சரியாகச் செய்யத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

அரைக் கிலோ கொத்துக்கறிக்கு ஒரு பெரிய பல்லாரி, ஒரு கேரட், இரண்டு கரண்டி உருக்கிய கொழுப்பு. சட்டி நன்றாகக் காய்ந்ததும் கொழுப்பை விட்டு, இறைச்சியில் பாதியை மட்டும் போட்டுப் பரப்பிவிட்டு, கிண்டாமல் விடுங்கள். இந்த இடத்தில் பொறுமை வேண்டும். முதலில் சிணுசிணுவென்று தண்ணீர் வற்றும் சத்தம், பிறகு சத்தம் மாறிப் பொரிய ஆரம்பிக்கும், அடியில் பழுப்பு நிறம் பிடிக்கும். அந்தப் பழுப்புதான் குழம்புக்கு நிறமும் ருசியும் தருவது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டினால் சட்டி ஆறிப்போகும், தண்ணீர் விட்டுவிடும், பழுப்பு பிடிக்காது. பாதி பாதியாக வறுத்து எடுத்து, அதே சட்டியில் பல்லாரியையும் கேரட்டையும் வதக்கி, இறைச்சியைத் திரும்பப் போட்டு, ஒரு கரண்டி மைதா தூவிக் கிளறி, இரண்டு டம்ளர் எலும்புச் சாறோ தண்ணீரோ ஊற்றி, அடியில் ஒட்டியதைச் சுரண்டி விடுங்கள். வூஸ்டர்ஷயர் சாஸ் இருந்தால் ஒரு ஸ்பூன், இல்லாவிட்டால் குறையொன்றும் இல்லை. மூடி போட்டுச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம், போத்து என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் ஆகலாம். குக்கரில் விசில் விட்டு எடுத்தால் இறைச்சி வெந்துவிடும், ஆனால் குழம்பு தண்ணியாக நிற்கும், அப்புறம் திறந்து வற்ற வைக்க வேண்டியதுதான்.

நல்லமிளகைக் கடைசியில் தாராளமாக இடித்துப் போடுங்கள். உருளைக்கிழங்கைத் தோல் சீவி உப்புத் தண்ணீரில் வேகவைத்து, வடித்தபின் அதே பாத்திரத்தில் ஒரு நிமிடம் தீயில் வைத்து ஈரம் போனபிறகு, வெண்ணெயும் சூடான பாலும் விட்டு மசியுங்கள். ஆறிய பால் விட்டால் கிழங்கும் ஆறிப்போகும்.

லோர்ன் சாஸேஜ்

இது குடலில் அடைக்காத சாஸேஜ், சதுரமாக வெட்டி வறுப்பது, அங்கே காலையில் பன்னுக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள். மல்லி வருவது நான் இங்கே சொல்லும் பலகாரங்களில் இது ஒன்றில்தான். அதுவும் வறுக்காத மல்லியைப் பொடித்தது. அரைக் கிலோ கொழுப்புள்ள கொத்துக்கறி (மெலிந்த இறைச்சி என்றால் நூறு கிராம் கொழுப்பையும் சேர்த்து அரையுங்கள்), 150 கிராம் ரஸ்க் தூள், அரை டம்ளர் குளிர்ந்த தண்ணீர், உப்பு, நல்லமிளகு, மல்லித்தூள் ஒவ்வொரு ஸ்பூன், ஜாதிக்காய் துருவியது அரை ஸ்பூன். ரஸ்க் இனிப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள், நம் பேக்கரி ரஸ்க் பலதும் சீனி போட்டது. இனிப்பில்லாதது கிடைக்காவிட்டால் பிரெட்டைக் காயவைத்துப் பொடியுங்கள். நன்றாகப் பிசைந்து, கேக் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து இறுக்கமாக அமுக்கி, ஃப்ரீசரில் பாதி உறையும்வரை வைத்து, விரல் கனத்துக்கு வெட்டி, தட்டையான சட்டியில் இரண்டு பக்கமும் வறுக்க வேண்டியதுதான். வெட்டிய துண்டுகளை இடையில் காகிதம் வைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டால் பள்ளிக்கூட நாட்களில் காலைச் சாப்பாட்டுக்குக் கவலையில்லை.

ஸ்டோவீஸ்

ஞாயிற்றுக்கிழமை மீந்த இறைச்சியைத் திங்கட்கிழமை கிழங்கோடு சேர்த்துப் புழுக்கி எடுப்பது. மரச்சீனிக் கிழங்கையும் எலும்பு இறைச்சியையும் ஒன்றாகக் குழைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, தேங்காயும் மசாலாவும் இல்லாத ஒரு சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீந்த மசாலாக் கறியை இதில் போடாதீர்கள். ஞாயிறு சமைக்கும்போதே ஒரு கால் கிலோ துண்டை உப்பும் மிளகும் மட்டும் போட்டுத் தனியாக வேகவைத்து எடுத்து வையுங்கள், அந்தச் சாறையும் கொட்ட வேண்டாம். ஒரு கிலோ உருளைக்கிழங்கில் பாதியை மெல்லிசாகவும் பாதியைத் தடிமனாகவும் நறுக்குங்கள். மெல்லிசு கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும், தடிமனானது துண்டாக நிற்கும். மூன்று பல்லாரியைக் கொழுப்பில் நிதானமாகப் பொன்னிறம் வரும்வரை வதக்கி, அதன்மேல் கிழங்கு, இறைச்சி, மறுபடி கிழங்கு என்று அடுக்கி, சாறு ஒரு டம்ளர் மட்டும் ஊற்றி, இறுக்கமாக மூடி, ஒரு மணி நேரம். கரண்டி போடக் கூடாது, இடையிடையே சட்டியைப் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கினால் போதும். பின்கட்டில் விறகடுப்பு இருந்தால் இதற்கு அதுதான் சரி. ரப்பர் விறகு எரிந்து கனலாக நிற்கும்போது சட்டியை ஏற்றிவிட்டால் அடி லேசாகப் பிடித்து ஒரு பழுப்புப் படலம் வரும், அதைச் சுரண்டிச் சாப்பிட வீட்டில் போட்டி இருக்கும். தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய பீட்ரூட். கிழங்கை மசிக்கலாமா, துண்டாக விடலாமா என்று அங்கே வீட்டுக்கு வீடு சண்டை, உங்களுக்குப் பிடித்தபடி செய்யுங்கள்.

ஸ்காட்ச் பிராத்

1773இல் ஸ்காட்லாந்தில் சுற்றுப்பயணம் செய்த ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் அபர்டீனில் பார்லியும் பட்டாணியும் போட்ட இந்தச் சூப்பை முதல்முறையாகச் சாப்பிட்டு, தட்டுத் தட்டாக வாங்கிக் குடித்தார். ஸ்காட்லாந்தைப் பற்றி லேசில் நல்ல வார்த்தை சொல்லாத மனிதர் அவர்.

முக்கால் கிலோ ஆட்டுக் கழுத்துக்கறி, எலும்போடு. அங்கே செம்மறி, இங்கே கிடைப்பது பெரும்பாலும் வெள்ளாடு, பரவாயில்லை, செம்மறி கிடைத்தால் விடாதீர்கள். காய்ந்த பட்டாணி ஒரு கைப்பிடி முந்தின இரவே ஊற வேண்டும். இரண்டு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் கறியைப் போட்டு மெதுவாகக் கொதிக்க விடுங்கள், மேலே வரும் நுரையைப் பொறுமையாக எடுத்துக்கொண்டே இருங்கள், அதை விட்டால் சூப் கலங்கும். நுரை நின்றதும் பட்டாணியும், கழுவிய பார்லி ஒரு கைப்பிடியும் போட்டு ஒன்றரை மணி நேரம். பிறகு சின்னதாக நறுக்கிய கேரட்டும் நூல்கோலும் போட்டு அரை மணி நேரம். லீக்ஸ் ஊட்டியிலிருந்து எப்போதாவது நாகர்கோவில் சூப்பர் மார்க்கெட்டுக்கு வரும், வராத நாளில் வெங்காயத்தாள் போதும், அதையும் முட்டைக்கோஸையும் கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள். கறியை எலும்பிலிருந்து பிய்த்து மறுபடி சூப்பில் போட்டுவிடலாம்.

மறுநாள்தான் இதற்கு ருசி கூடும் என்பார்கள், உண்மைதான். ஆனால் அது அந்தக் குளிருக்குச் சொன்னது. நம் புழுக்கத்தில் இரவு முழுக்க அடுப்படியில் மூடி வைத்தால் காலையில் புளித்திருக்கும். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் பார்லி ஊறி இறுகியிருக்கும், வெந்நீர் விட்டு நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். ஆனி ஆடிச் சாரலில் இதைக் குடித்துப் பாருங்கள்.

இனி ஹாகிஸ்

பலரும் முகம் சுளிக்கும் பெயர் இது, நாம் சுளிக்க ஒரு காரணமும் இல்லை. ஆட்டு ஈரலும் குடலும் விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் நாம். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் மூன்றையும் வேகவைத்துக் கொத்தி, ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு சேர்த்து ஆட்டின் இரைப்பைக்குள்ளேயே அடைத்து வேகவைப்பது ஹாகிஸ். ஜனவரி 25, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த நாள். அவர் 1759இல் பிறந்தவர், 1786இல் இந்தப் பலகாரத்தைப் பாராட்டியே ஒரு கவிதை எழுதினார். அந்த இரவு விருந்தில் அதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஹாகிஸைக் கத்தியால் கீறுவார்கள். அமெரிக்காவில் 1971இலிருந்து உணவில் நுரையீரல் சேர்க்கத் தடை, அதனால் பழைய முறை ஹாகிஸ் அங்கே போக முடியாது. உங்களுக்கும் நுரையீரல் வேண்டாம் என்றால் விட்டுவிட்டு இதயத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், ருசியில் பெரிய குறை வராது.

ஓட்ஸைப் பற்றி முதலில் சொல்கிறேன், ஏனென்றால் ஹாகிஸ் நன்றாக வருவதும் வராததும் அதில் இருக்கிறது. பாக்கெட்டில் வரும் தட்டையான ஓட்ஸ் கஞ்சியாகிவிடும், மசாலா ஓட்ஸ் பக்கமே போக வேண்டாம். ஸ்டீல் கட் ஓட்ஸ் என்று கேளுங்கள், குருணை மாதிரி இருக்கும். 200 கிராம் எடுத்து வெறும் சட்டியில் சின்னத் தீயில் கைவிடாமல் வறுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் வறுத்த கடலை மாதிரி ஒரு வாசனை வரும், நிறம் லேசாக மாறும், அங்கேயே நிறுத்துங்கள். வறுக்காமல் போட்டால் குழகுழவென்று ஆகும், வறுத்தால் வெந்தபிறகும் பல்லில் படும்.

ஈரல் கால் கிலோ, இதயம் மூன்று, நுரையீரல் போடுவதென்றால் கால் கிலோ. இதயத்தைப் பிளந்து உள்ளே உறைந்த ரத்தத்தை நன்றாகக் கழுவ வேண்டும். அங்கே பழைய முறையில் மூச்சுக்குழாயோடு நுரையீரலைச் சட்டியில் போட்டு, குழாயின் முனையை விளிம்புக்கு வெளியே தொங்கவிடுவார்கள், உள்ளே இருக்கும் சளியும் நுரையும் அது வழியாகக் கீழே வைத்த கிண்ணத்துக்கு வடிந்துவிடும். துண்டு போட்டு வாங்கினால் ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இதயமும் நுரையீரலும் ஒன்றரை மணி நேரம், ஈரலைக் கடைசி அரை மணி நேரத்தில் போட்டால் போதும், முதலிலேயே போட்டால் கல்லாகிவிடும். வெந்த தண்ணீரை வடித்து வையுங்கள்.

ஆறியதும் இதயத்தையும் நுரையீரலையும் கத்தியால் பொடியாகக் கொத்துங்கள். ஈரலைத் தேங்காய் துருவுகிற மாதிரி துருவியில் துருவுங்கள், பொலபொலவென்று உதிரும், அதுதான் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து வைப்பது. 150 கிராம் கொழுப்பையும் துருவ வேண்டும், நம் சூட்டில் அது மெத்தென்றாகிக் கையிலும் துருவியிலும் அப்பிக்கொள்ளும், அதனால் ஃப்ரீசரில் கல் மாதிரி உறைய வைத்து எடுத்து, ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிக்கொண்டு துருவுங்கள். இரண்டு பல்லாரியைப் பொடியாக நறுக்கிச் சேருங்கள். நல்லமிளகு இரண்டு ஸ்பூன் நிறைய, அப்போதே இடித்தது. உப்பு ஒன்றரை ஸ்பூன், ஜாதிக்காய் அரை ஸ்பூன், ஜாதிபத்திரி ஒரு சிட்டிகை. இந்த மிளகும் ஜாதிக்காயும் ஸ்காட்லாந்துக்குக் கடல் கடந்து போக வேண்டியவை, நமக்குக் குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களிலேயே விளைகின்றன, புதிதாக வாங்கிப் போடுங்கள், ஹாகிஸில் முன்னால் நிற்கிற வாசனை அதுதான். வடித்த தண்ணீரை ஒன்றே கால் டம்ளர் ஊற்றிப் பிசைந்தால் கை வைத்து அமுக்கினால் பிடிபடும், ஆனால் ஒழுகாது, அந்தப் பதம். ஒரு ஸ்பூன் எடுத்துச் சட்டியில் வறுத்து உப்பும் மிளகும் பாருங்கள். மிளகு கொஞ்சம் அதிகமோ என்று தோன்ற வேண்டும், ஓட்ஸ் ஊறும்போது அடங்கிவிடும்.

இரைப்பையில் அடைக்க வேண்டுமென்றால் கடையில் முந்தின நாளே சொல்லி வையுங்கள், கிழிக்காமல் முழுசாக எடுத்துத் தரச் சொல்லி. கொதிநீரில் முக்கிச் சுரண்டி, கல் உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து, உப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊற வையுங்கள். மறுநாள் சொரசொரப்பான பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் அடையுங்கள், ஓட்ஸ் உப்பும், நிறைய அடைத்தால் வெடித்துவிடும். காற்றை அமுக்கி எடுத்துவிட்டு நூலால் தைத்து, அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்துப் போட்ட பெரிய பாத்திரத்தில், தளதளவென்று கொதிக்காமல் லேசாகக் குமிழ் விடுகிற தண்ணீரில் மூன்று மணி நேரம். உப்பி வரும்போது ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட வேண்டும்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால், ஸ்காட்லாந்திலேயே பல வீடுகளில் கிண்ணத்தில் வைத்து ஆவியில்தான் வேகவைக்கிறார்கள். எவர்சில்வர் கிண்ணத்தில் வெண்ணெய் தடவி அமுக்கி நிரப்பி, வாய்க்குப் பட்டர் பேப்பரும் அதற்குமேல் அலுமினியத் தாளும் கட்டி, இட்லிக் கொப்பரையில் இரண்டு மணி நேரம் வையுங்கள். தண்ணீர் வற்றாமல் பார்த்து வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கும் மசித்த ஸ்வீடும் வைப்பார்கள். ஸ்வீட் (swede) என்கிற அந்த மஞ்சள் கிழங்கு இங்கே கிடைக்காது. நூல்கோல் இரண்டு பங்கு, கேரட் ஒரு பங்கு வேகவைத்து, தண்ணீரைச் சுத்தமாக வடித்து, வெண்ணெயும் மிளகும் போட்டு மசித்தால் கிட்டத்தட்ட அந்த இனிப்பும் லேசான காரமும் வந்துவிடும்.

ஈரல் இருப்பதால் கர்ப்பமாக இருப்பவர்கள் ஹாகிஸைத் தவிர்க்க வேண்டும், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், குழந்தைக்கு ஆகாது. மற்றவர்களும் முதல்முறை கொஞ்சமாகப் பரிமாறுங்கள், கொழுப்பும் ஓட்ஸும் சேர்ந்து வயிற்றில் கனமாக உட்காரும்.

மீந்ததை அன்றே ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். குளிர்ந்து இறுகியதை வட்டமாக வெட்டி, கொழுப்பு எதுவும் விடாமல் காய்ந்த சட்டியில் போட்டு, ஓரம் மொறுமொறுவென்று ஆனதும் திருப்பிப் போட்டு, அதே சட்டியில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள்.